ஒரு மூளை, ஒன்பது வேலை

(தொடர்கல்வி மையங்களில் படிப்பதற்கான உரை)



ஒரு வீட்டில் ஒரே ஓர் அடுப்பு இருக்கிறது. சோறு வடிக்க வேண்டும். குழம்பு வைக்க வேண்டும். குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். அடுப்பு ஒன்று. வேலை மூன்று. அந்த வீட்டு அம்மா என்ன செய்வார்?

உலை கொதிக்கிறது. அந்த நேரத்தில் குழந்தை அழுகிறது. உடனே உலைப் பானையை இறக்கி வைப்பார். பாலை ஏற்றுவார். பால் பொங்கியதும் இறக்குவார். மறுபடி உலையை ஏற்றுவார். உலை எந்த நிலையில் நின்றது என்பது அவருக்கு நினைவிருக்கும். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். குழம்பு கடைசியில்தான். அது காத்திருக்கும். குழந்தை காத்திருக்காது.

இந்த அம்மா செய்ததில் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஒன்று, முறை வைப்பது. இரண்டு, விட்ட இடத்தை நினைவில் வைப்பது. மூன்று, அவசர வேலைக்கு முதலிடம் தருவது. கணிப்பொறி செய்வதும் இதுதான். ஒரே கணிப்பொறி பல வேலைகளை எப்படிப் பங்கிட்டுச் செய்கிறது என்பதே இந்த உரையின் பொருள்.

கைபேசிக்குள் என்ன நடக்கிறது?

கணிப்பொறி என்றதும் மேசைமேல் இருக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். சட்டைப்பையில் இருக்கும் கைபேசியும் ஒரு கணிப்பொறிதான்.

அந்தக் கைபேசியில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை நடக்கிறது, பாருங்கள். பாட்டு ஓடுகிறது. மணி காட்டுகிறது. ஒரு செய்தி வந்து விழுகிறது. கடைக்காரருக்குப் பணம் போகிறது. நடுவில் அழைப்பு வந்தால் மணியும் அடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும் வேலைகள் இன்னும் பல.

இத்தனையையும் செய்வது புராசசர் என்ற பகுதி. விரல் நகம் அளவுள்ள சில்லு அது. கூட்டுவது, கழிப்பது, இரண்டு எண்களை ஒப்பிடுவது, ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது. இப்படிச் சின்னச் சின்ன வேலைகள்தான் அதற்குத் தெரியும். அவற்றை மிக மிக வேகமாகச் செய்யும். அதனால்தான் அதைக் கணிப்பொறியின் மூளை என்கிறார்கள்.

ஒரு மூளை ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். இன்றைய கைபேசிகள் பலவற்றில் ஒரே சில்லுக்குள் எட்டு மூளைகள் இருக்கின்றன. ஆனால் வேலைகளோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எட்டு அடுப்பு இருந்தாலும் கல்யாண வீட்டில் முறை வைத்துத்தான் சமைக்க வேண்டும். இங்கும் அப்படித்தான்.

காத்துக் கிடந்த காலம்

தொடக்க காலக் கணிப்பொறிகளுக்குப் பங்கிடத் தெரியாது. ஒருவர் வேலையை எடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்தவர் வேலையை எடுக்கும்.

கான்பூரில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963ஆம் ஆண்டு ஒரு கணிப்பொறி வந்தது. அதன் பெயர் ஐ.பி.எம். 1620. அந்தக் காலத்தில் கணிப்பொறிக்குச் சொல்ல வேண்டியதைத் தடித்த அட்டைகளில் ஓட்டை போட்டுத் தருவார்கள். ஓர் அட்டைக் கட்டு ஒருவரின் வேலை. ஒரு கட்டு முடிந்த பிறகே அடுத்த கட்டு. ஓர் ஓட்டை தவறாக விழுந்திருந்தால் வேலை கெட்டது. திருத்திக்கொண்டு வந்து மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

உலகம் முழுவதும் இதே நிலைதான் இருந்தது. பெரிய கணிப்பொறிகளின் விலை பல லட்சம் டாலர். ஆகவே கணிப்பொறி சும்மா இருக்கக் கூடாது என்று மனிதர்கள் காத்துக் கிடந்தார்கள்.

ஆளுக்கு ஒரு துண்டு நேரம்

இதை மாற்ற வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். மனிதர் ஓர் எழுத்தைத் தட்டுவதற்கும் அடுத்த எழுத்தைத் தட்டுவதற்கும் இடையில் கணிப்பொறி ஆயிரக்கணக்கான கணக்குகளைப் போட்டுவிடும். அந்த இடைவெளியில் இன்னொருவர் வேலையைப் பார்த்தால் என்ன என்று கேட்டார்கள்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் 1961 நவம்பரில் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே கணிப்பொறியோடு சில தட்டச்சுப் பொறிகளை இணைத்தார்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் உட்கார்ந்தார். கணிப்பொறி ஒருவரின் வேலையைச் சிறிது நேரம் பார்த்தது. பிறகு அடுத்தவர் வேலை. பிறகு அதற்கடுத்தவர். மறுபடி முதல் ஆள்.

இந்த முறைக்கு நேரப் பங்கீடு என்று பெயர். கோர்பாட்டோவுக்கு 1990ஆம் ஆண்டு டூரிங் விருது கிடைத்தது. கணிப்பொறித் துறையில் அதுவே மிகப் பெரிய விருது.

இன்றைய புராசசரும் இப்படித்தான் வேலை செய்கிறது. பாட்டுக்கு ஒரு துண்டு நேரம். செய்திக்கு ஒரு துண்டு நேரம். ஒரு துண்டு என்பது ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். கண் இமைப்பதற்குள் பல வேலைகள் முறை மாறிவிடும். பாட்டு அந்த நேரத்தில் நின்று நின்றுதான் கவனிக்கப்படுகிறது. காதுக்கோ அது தெரிவதில்லை.

முறை மாறும்போது ஒரு வேலை விட்ட இடம் மறந்துபோகாதா? போகாது. புத்தகம் படிப்பவர் எழுந்து போகும்போது பக்கத்தில் ஓர் அடையாளத் துண்டு வைப்பார். கணிப்பொறியும் அப்படியே. எந்த வரியில் நின்றது, கையில் என்ன எண்கள் இருந்தன என்பதைக் குறித்து வைக்கும். முறை வந்ததும் அதைப் பார்த்துத் தொடரும்.

ஒருவரே பிடித்துக்கொண்டால்?

தெருக்குழாயில் ஆளுக்கு இரண்டு குடம் என்று பேச்சு. ஒருவர் மட்டும் பத்துக் குடத்தோடு வந்து குழாயை விடாமல் பிடித்துக்கொள்கிறார். அப்போது என்ன ஆகும்? வரிசை முழுவதும் நின்றுபோகும்.

கணிப்பொறியிலும் இது நடந்தது. 1990களின் தொடக்கத்தில் விண்டோஸ் 3.1 என்ற ஏற்பாடு பல அலுவலகங்களில் இருந்தது. அதில் ஒவ்வொரு புரோகிராமும் தானாகவே மனமுவந்து அடுத்ததற்கு வழிவிட வேண்டும். ஒரு புரோகிராம் வழிவிடாமல் போனால் மற்றவை நகராது. திரை அப்படியே உறைந்து நிற்கும்.

பிறகு வந்த விண்டோஸ் ஏற்பாடுகளில் மணியடிக்கும் முறை வந்தது. கணிப்பொறிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. துண்டு நேரம் முடிந்ததும் அது மணியடிக்கும். உடனே புராசசர் கையில் இருக்கும் வேலையை நிறுத்தும். அடுத்த முறை யாருக்கு என்பதை ஆப்பரேட்டிங் சிஸ்டம் முடிவு செய்யும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது கணிப்பொறியின் மேற்பார்வையாளர். ஆண்ட்ராய்டு, விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் இத்தகைய மேற்பார்வையாளர்களே. பேராசை பிடித்த புரோகிராமும் அதன் சொல்லை மீற முடியாது.

எது முதலில்?

எல்லாருக்கும் சம நேரம் தந்தால் அது நியாயமா? எப்போதும் இல்லை. மருத்துவமனை வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். பாம்பு கடித்தவரைத் தூக்கி வருகிறார்கள். வரிசையின் கடைசியில் நில் என்று யாராவது சொல்வார்களா? கணிப்பொறியிலும் ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை எண் உண்டு. உயிர்போகும் வேலை முன்னால். ஆற அமரச் செய்யும் வேலை பின்னால்.

இந்த விதி மனித உயிர்களுக்குத் துணை நின்ற நாள் ஒன்று உண்டு. அது 1969 ஜூலை 20. அப்பல்லோ 11 விண்கலத்தின் இறங்கு கலம் நிலாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நீல் ஆம்ஸ்ட்ராங், பஸ் ஆல்ட்ரின் என்ற இரண்டு பேர். கலத்தை வழிநடத்தியது ஒரு சிறிய கணிப்பொறி. இன்றைய சாதாரண கைபேசியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய மூளை.

திடீரென்று திரையில் 1202 என்ற எச்சரிக்கை எண் வந்தது. ஒரு ராடார் கருவி தேவையில்லாத குறிப்புகளைக் கணிப்பொறிக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. அவற்றை எண்ணுவதிலேயே கணிப்பொறியின் நேரத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு வீணாயிற்று. வேலைகள் முடியாமல் குவிந்தன. “என்னால் எல்லாவற்றையும் செய்ய முடியவில்லை” என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

அப்போது அந்தக் கணிப்பொறி என்ன செய்தது? குவிந்ததையெல்லாம் உதறியது. நொடியில் மறுபடி தொடங்கியது. கலத்தை ஓட்டும் வேலையை முதலில் எடுத்தது. எஞ்சினை இயக்கும் வேலையை எடுத்தது. திரையில் எண்களைக் காட்டுவது போன்ற வேலைகளைத் தள்ளி வைத்தது. இப்படி நடக்க வேண்டும் என்று எம்.ஐ.டி.யில் இருந்தவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். மேற்பார்வை முறையை வகுத்தவர் ஹால் லேனிங். விண்கலத்தின் புரோகிராம்களை எழுதிய குழுவின் தலைவர் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணி.

பூமியில் ஹூஸ்டன் நகரிலும் ஒரு முன்னேற்பாடு இருந்தது. ஜாக் கார்மன் என்ற இளம் பொறியாளர் எச்சரிக்கை எண்களையும் அவற்றுக்குச் செய்ய வேண்டியதையும் ஒரு தாளில் கைப்பட எழுதி வைத்திருந்தார். எண் வந்ததும் அந்தத் தாள் உதவியது. தொடர்ந்து இறங்கலாம் என்று சொன்னார்கள். கலம் பத்திரமாக இறங்கியது.

பேரேட்டை யார் வைத்திருக்கிறார்?

முறை வைத்தாயிற்று. முன்னுரிமையும் தந்தாயிற்று. இத்தோடு எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதற்கு ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும்.

முன்பெல்லாம் ரயிலில் இடம் பதிவு செய்வதற்குப் பெரிய பேரேடுகள் இருந்தன. குறிப்பிட்ட ரயிலுக்குக் குறிப்பிட்ட ஜன்னல். ஒரு ஜன்னலில் நீண்ட வரிசை நிற்கும். பக்கத்து ஜன்னல் காலியாக இருக்கும். ஆனால் அங்கே போய்ப் பயனில்லை.

1985ஆம் ஆண்டு புது டெல்லியில் கணிப்பொறி வழிப் பதிவு தொடங்கியது. ஜன்னலில் இருந்தது திரையும் விசைப்பலகையும்தான். கணக்குகள் எல்லாம் மையக் கணிப்பொறியில். எல்லா ஜன்னல்களும் அதைப் பங்கிட்டுக்கொண்டன. எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்கலாம் என்று ஆயிற்று. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்களும் வந்தன. 1999இல் இந்த ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு ரயிலில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். மூன்றாம் ஜன்னலில் ஒருவர் கேட்கிறார். ஏழாம் ஜன்னலில் இன்னொருவர் அதே நொடியில் கேட்கிறார். இருவருக்கும் “இருக்கிறது” என்று சொல்லிவிட்டால் ரயிலில் சண்டைதான்.

ஆகவே ஒரு பூட்டு வேண்டும். மூன்றாம் ஜன்னலின் வேலை அந்தக் கணக்கைத் தொட்டதும் அதற்குப் பூட்டு விழும். எழுதி முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. ஏழாம் ஜன்னல் சற்றுக் காத்திருக்கும். பூட்டு திறந்ததும் பார்க்கும். இடம் போயிருக்கும். “காத்திருப்போர் பட்டியல்” என்று சொல்லும். வருத்தம்தான். ஆனால் ஓர் இடத்தை இருவருக்கு விற்கவில்லை.

பூட்டு நல்லதுதான். ஆனால் சாவி வைத்திருப்பவர் தூங்கிவிட்டால்?

செவ்வாய்க் கோளில் வந்த சிக்கல்

1997 ஜூலை 4. அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் என்ற ஆளில்லாத கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. அதிலிருந்து சோஜர்னர் என்ற குட்டி வண்டி ஒன்று வெளியே வந்து உருண்டது. படங்கள் வந்தன. உலகமே மகிழ்ந்தது.

சில நாட்களில் ஒரு கோளாறு தெரிந்தது. கலத்தின் கணிப்பொறி தானாக நின்று மறுபடி தொடங்கியது. மறுபடியும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. கலமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில். ஒரு சொல் போய்ச் சேரவே ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும். ஆளை அனுப்பிப் பழுது பார்க்க முடியாது.

என்ன நடந்தது? ஒரு மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மருந்து அறைக்கு ஒரே சாவி. உதவியாளர் ஒருவர் சாவியோடு உள்ளே போயிருக்கிறார். பெரிய டாக்டருக்கு அவசரமாக மருந்து வேண்டும். சாவி வரட்டும் என்று காத்திருக்கிறார். உதவியாளர் இதோ வந்துவிடுவார். ஆனால் வழியில் நடுத்தர அதிகாரிகள் அவரை நிறுத்துகிறார்கள். “நீ சின்ன ஆள், ஓரமாக நில். எங்கள் வேலை முடியட்டும்” என்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். உதவியாளர் நகர முடியவில்லை. அதனால் டாக்டரும் நகர முடியவில்லை. சின்னவரை நிறுத்தியவர்கள் பெரியவரையே நிறுத்திவிட்டார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

பாத்ஃபைண்டரில் அந்த உதவியாளர் யார்? காற்றையும் வெப்பத்தையும் அளக்கும் வானிலை வேலை. அதற்கு முன்னுரிமை குறைவு. டாக்டர் யார்? கலத்தின் பகுதிகளுக்கிடையே செய்திகளைக் கொண்டுசேர்க்கும் வேலை. அதற்கு முன்னுரிமை அதிகம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பூட்டு. நடுத்தர வேலைகள் இடையில் புகுந்தன. முக்கிய வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை. “ஏதோ பெரிய கோளாறு” என்று கணிப்பொறி தன்னையே நிறுத்தி மறுபடி தொடங்கிக்கொண்டது.

கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் அதே போன்ற கணிப்பொறி ஒன்று இருந்தது. பொறியாளர்கள் அதில் கோளாறை வரவழைத்துப் பார்த்தார்கள். காரணம் பிடிபட்டது. கலம் புறப்படுவதற்கு முன் சோதனைகளிலும் இது எப்போதாவது தலைகாட்டியிருந்தது. அப்போது காரணம் தெரியாமல் போயிற்று.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. 1990ஆம் ஆண்டு லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாஸ்கி என்ற மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கியிருந்தார்கள். இவர்களில் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். அவர்கள் சொன்ன விதி எளியது. பெரியவர் காத்திருக்கும்போது, சாவி வைத்திருக்கும் சின்னவருக்குப் பெரியவரின் முன்னுரிமையைக் கடனாகக் கொடு. அவர் விரைவாக வேலையை முடித்துச் சாவியைத் தருவார். தந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புவார்.

பாத்ஃபைண்டரின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இந்த வசதி இருந்தது. ஆனால் அந்தப் பூட்டுக்கு அது போடப்படாமல் இருந்தது. பூமியிலிருந்து திருத்தம் அனுப்பினார்கள். வசதி இயங்கியது. அந்தக் கோளாறு போயிற்று. ஒரு மாத வேலைக்கு என்று அனுப்பிய கலம் ஏறத்தாழ மூன்று மாதம் வேலை செய்தது.

கைபேசி வைத்திருப்பவர்கள் அறிய வேண்டியவை

கைபேசி மெதுவாகிவிட்டால் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. முதலில் அதில் எத்தனை வேலைகள் பங்கு கேட்கின்றன என்று பார்க்கலாம். தேவையில்லாத ஆப்களை நீக்கலாம். பார்க்காத நேரத்திலும் சில ஆப்கள் பின்னால் ஓடும். அவை புராசசர் நேரத்தையும் தின்னும், பேட்டரியையும் தின்னும்.

பணம் அனுப்பும்போது திரை அசையாமல் நின்றால் பதறி மறுபடி மறுபடி தட்ட வேண்டாம். அந்த வேலை எங்கோ ஒரு வரிசையில் முறைக்காக நிற்கலாம். அல்லது இணைய இணைப்பு அறுந்திருக்கலாம். கணக்கிலிருந்து பணம் போயிற்றா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்வது நல்லது.

அலுவலகத்தில் “சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது, நாளைக்கு வா” என்று சொன்னால், எந்த வேலை நின்றிருக்கிறது, எப்போது சரியாகும் என்று மரியாதையாகக் கேட்கலாம். கணிப்பொறிக்குத் தானாக ஓரவஞ்சனை தெரியாது. யாருக்கு முதல் முறை, யார் காத்திருக்க வேண்டும் என்று விதி எழுதுவது மனிதர்கள்தான். விதி சரியில்லை என்றால் அதைத் திருத்த முடியும். செவ்வாயில் இருந்த கணிப்பொறியையே திருத்தினார்கள்.

நல்ல பங்கீட்டின் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். யாரும் அளவுக்கு மேல் பிடித்துக்கொள்ளக் கூடாது. அவசரத்துக்கு முதலிடம். சுமை தாங்காதபோது எதைத் தள்ளி வைப்பது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். சின்ன வேலைக்கும் வழிவிட வேண்டும். ஏனென்றால் பெரிய வேலையின் சாவி அதன் கையில் இருக்கலாம்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் தண்ணீருக்கு எப்படி முறை வைக்கிறார்கள்? ஒருவரே பிடித்துக்கொண்டால் என்ன செய்கிறீர்கள்?

2. எல்லாருக்கும் சமமாகத் தருவதும் நியாயமாகத் தருவதும் ஒன்றா? ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்.

3. ரயில் பதிவில் பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

4. ஒரு சின்ன வேலை நின்றதால் பெரிய வேலை நின்றுபோனதை எங்கேனும் பார்த்ததுண்டா? அதை நான்கு வரிகளில் எழுதுங்கள்.